படியில ஏறின மலை

வாங்க, வாங்க. செருப்பை அங்கயே விடுங்க. கொலு வெச்சுட்டா எங்க வீட்டுல சாயங்காலம் கதவைச் சாத்தறதே கிடையாது, யார் வேணா வரலாம். மூணாவது மாடிக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்குன்னு வாட்ச்மேன் சொன்னாரு. நீங்கதானே? என் பேரு புவனா. உக்காருங்க, பாய் போதுமா, சேர் போடட்டுமா? எதுக்குங்க தயங்கறீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க.

கையில என்ன பாட்டில்? பன்னீரா? எதுக்குங்க இதெல்லாம். வர்றவங்க ரெண்டு வாழைப்பழத்தை வெச்சுட்டுப் போவாங்க, நீங்க பன்னீர் கொண்டாந்திருக்கீங்க. குடுங்க, படியிலயே வெச்சுடறேன், கலசத்துக்குப் பக்கத்துல. ஆச்சு. இனிமே விஜயதசமி வரைக்கும் அதை யாரும் அசைக்கக் கூடாது. கொலுப்படியில ஏறினது எதுவா இருந்தாலும் அப்படித்தான். எங்க வீட்டுல அதுல மட்டும் நான் ரொம்ப கண்டிப்பு.

சந்தனம் எடுத்துக்கோங்க. குங்குமம் வேணாமா? அலர்ஜியா? எங்க ஓரகத்திக்கும் அப்படித்தான், நெத்தி செவந்துடும். சரி, பூவாவது வெச்சுக்கோங்க. என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? சாருவா? சாருவை எப்படித் தெரியும், லிஃப்ட்ல பாத்தீங்களா? எம் பொண்ணுதான். சாருலதா. எட்டாவது படிக்கிறா. இப்பதான் கடைக்குப் போனா. என்னடி வாங்கப் போறேன்னு கேட்டேன், "ஒண்ணுமில்லம்மா"ன்னா. இப்பல்லாம் எதைக் கேட்டாலும் அதான் பதில். வந்துடுவா, நீங்க சுண்டல் சாப்பிடுங்க.

செட்டியாரைத்தானே பாக்கறீங்க? பரவாயில்லை, எல்லாரும் அவரைத்தான் பாக்கறாங்க. இத்தனை பொம்மை இருக்கு, எங்கம்மா வீட்டுச் சீதனம் ராமர் பட்டாபிஷேகம் இருக்கு, வர்றவங்க கண்ணு நேரா கீழ்ப்படிக்குப் போயி அந்த செட்டியார் வேட்டியிலதான் நிக்குது. மளிகைக் கடை செட்டியார் ஆரஞ்சு கலர் வேட்டி கட்டி நீங்க வேற எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. போன வருஷம் வரைக்கும் அது வெள்ளைதான். என்னைக் கேட்டா அதுக்குக் காரணம் இவளோட பிடிவாதம். நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க, யார் மேல தப்புன்னு.

எங்க அப்பார்ட்மென்ட்ல வருஷா வருஷம் கொலுப் போட்டி வெப்பாங்க, உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்களே. சொல்லலையா? சொல்லுவாங்க. கீழ் வீட்டு வத்சலா மேடத்துக்குத்தான் எப்பவும் முதல் பரிசு. அவங்க கொலு அப்படி ஒண்ணும் பெரிசில்ல. பொறாமையில சொல்லலை, போய்ப் பாருங்க, உங்களுக்கே தெரியும். ஆனா ஒரு மலை வெப்பாங்க. அதுல மோட்டார் வெச்சு அருவி ஓடும். குளத்துல ஆமை வேற. ஜட்ஜா வர்றவங்க மத்த எதையும் பாக்கறதில்ல, அந்த ஆமையைப் பாத்துட்டு மார்க்கு போட்டுட்டுப் போயிடறாங்க.

நம்மகிட்ட எல்லாம் இருந்துச்சு, மலை மட்டும் இல்ல. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அண்டாவைக் கவுத்து, மேல பச்சைத் துணியைப் போத்தி, உச்சியில பழனியாண்டவரை வெச்சேன். வந்த ஜட்ஜம்மா உத்துப் பாத்துட்டு, "இது என்ன, அண்டாவா?"ன்னு கேட்டாங்க. எப்படித்தான் கண்டுபிடிச்சாங்களோ. வளையம் கொஞ்சம் வெளிய தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

இது இப்படி இருக்கா. போன வருஷம் சாருவுக்கு ஸ்கூல்ல சயின்ஸ் எக்ஸிபிஷன்னு சொன்னாங்க. இவ எரிமலை பண்றேன்னு ஆரம்பிச்சா. பால்கனி முழுக்கப் பழைய பேப்பர், மைதா பசை. ஒரு சின்ன பாட்டிலை நடுவுல நிக்க வெச்சு, சுத்தி பேப்பரைக் கசக்கிக் கசக்கி ஒட்டி, காய வெச்சு, மறுபடி ஒட்டி. சாப்பிட வந்து உக்காந்தா விரல்ல பசை உரிஞ்சுக்கிட்டு வரும். யாரோட உதவியும் கேக்கலை. அவங்கப்பா பெயின்ட் அடிச்சுத் தரேன்னதுக்கும் வேணாம்னுட்டா. நல்லா செய்வா, கைவேலை அப்படியே என்னை மாதிரி.

அப்புறம் சமையலறைக்கு வந்து ஆப்ப சோடா கேட்டா. ஆப்பத்தை நான் ஊத்தறேன், நீ போய்ப் படின்னேன். எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிருக்கா. ஞாயித்துக்கிழமை ஆப்பம் ஊத்தறேன், தோசை மாதிரி வருது. டப்பாவைத் தெறந்தா காலி. அதுக்கு மேல வினிகர் ஒரு பாட்டில் வாங்கி வெச்சுக்கிட்டா. டம்ளர்ல சோடாவைப் போட்டு வினிகரை ஊத்தறது, பொங்கிப் பொங்கி வழியறது, சிங்க்ல கொட்டறது. மறுபடி சோடா, மறுபடி வினிகர். எத்தனை ஸ்பூனுக்கு எவ்வளவு ஊத்தினா எவ்வளவு உயரம் வருதுன்னு பாக்கறாளாம். வீடே ஊறுகா கெட்டுப்போன மாதிரி வாசனை. "அம்மா, ரெண்டே நிமிஷம் வந்து பாரேன், இப்ப சரியா வருது"ன்னு கூப்பிடுவா. எனக்கு அடுப்புல பால் இருக்கும், இல்ல ஃபோன்ல யாராவது இருப்பாங்க. நான் வரமாட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்லங்க. அப்புறம் வரேன்னுதான் சொன்னேன்.

என்ன? ஆமா, சரியாத்தான் செஞ்சிருக்கா, அதுல நான் குறை சொல்லலை. நீங்களும் சயின்ஸ் படிச்சவங்களா? நல்லதாப் போச்சு. இருங்க, முடிச்சுடறேன்.

கொலு வெக்கற அன்னிக்கு அவ ஸ்கூலுக்குப் போயிட்டா. படியெல்லாம் கட்டி, வெள்ளை வேட்டி விரிச்சு, பொம்மையெல்லாம் அடுக்கிட்டேன். கீழ ஓரத்துல மலைக்கு இடம் விட்டு, அண்டாவை எடுக்க பால்கனிக்குப் போறேன். அங்க நிக்குது பாருங்க. மலை. பழுப்பு நிறம், அடிவாரத்துல பச்சை, நடுவுல பாறை மாதிரி மடிப்பு மடிப்பா. எனக்கு அது எரிமலையாவே தெரியலை. பழனி. சாட்சாத் பழனி. தூக்கிட்டு வந்து வெச்சேன். உச்சியில ஒரு ஓட்டை இருந்துச்சு. பழனியாண்டவரோட அடிப்பீடத்தை அதுல வெச்சேன், அளவெடுத்துச் செஞ்ச மாதிரி கச்சிதமா உக்காந்துக்கிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இது தெய்வச் செயல் இல்லாம வேற என்ன? அது பாட்டிலோட கழுத்துன்னு அவ சொல்றா. இருக்கட்டுமே. கலசம் வெச்சு, ஆரத்தி எடுத்து முடிச்சேன்.

சாயங்காலம் வந்தா. முதுகுல பையோட அப்படியே நிக்கறா. "அம்மா, அது என் எரிமலை"ன்னா. "இனிமே அது பழனிடி"ன்னேன். வர்ற வெள்ளிக்கிழமை எக்ஸிபிஷனாம். நவராத்திரி நடுவுல யாராவது எக்ஸிபிஷன் வெப்பாங்களா? எனக்கு யாருமே சொல்லலை. "விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாது சாரு, சாமி விஷயம்"னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். அவ அழலை. அழுதிருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேன். அழாத பிள்ளைக்கு என்ன வேணும்னு எப்படிங்க தெரியும்?

அவங்கப்பா, "எடுத்துக் குடுத்துடு புவனா, அவ எத்தனை நாளா செஞ்சுது"ன்னாரு. அவருக்கு இதெல்லாம் தெரியாது. ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, மார்ச் மாசம் வந்தாத்தான் அவருக்கு சாமி ஞாபகம் வரும். ஆனா நான் பிள்ளையை வெறுங்கையோட விடலைங்க. அண்டாவை எடுத்துட்டுப் போடின்னேன். பச்சைத் துணியும் தரேன்னேன். கழுவித் துடைச்சுக் கூட வெச்சேன். ஒண்ணும் வேணாம்னுட்டு சோடா டப்பா, வினிகர் பாட்டில், ஒரு எவர்சில்வர் டம்ளர், அதை மட்டும் பையில போட்டுக்கிட்டுப் போனா. இதைத்தான் பிடிவாதம்னு சொல்றேன்.

நான் ஸ்கூலுக்குப் போகலை. வெள்ளிக்கிழமை, கொலு வெச்ச வீடு, யாராவது வெளிய கிளம்ப முடியுமா? அவ கூடப் படிக்கற பொண்ணோட அம்மா வந்து சொன்னாங்க. பின்னாடி எரிமலைன்னு எழுதி சார்ட்டு ஒட்டியிருந்துச்சாம். முன்னாடி மேஜையில டம்ளர். அதுல சோடாவைப் போட்டு வினிகரை ஊத்தி, எப்படி காத்து உண்டாகுது, ஏன் பொங்குதுன்னு நல்லாத்தான் சொன்னாளாம். பாக்க வந்த ஒரு சார், "எல்லாம் சரிம்மா, மலை எங்க?"ன்னு கேட்டிருக்காரு. இவ, "எங்க வீட்டுக் கொலுவுல இருக்கு சார்"னு சொல்லியிருக்கா. ஹால்ல இருந்தவங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. டம்ளரை வெச்சுக்கிட்டு எரிமலைன்னா? பரிசு ஒண்ணும் வரலை.

ஆனா வீட்டுக்கு வந்துச்சு. கொலுப் போட்டியில நமக்குத்தான் முதல் பரிசு! "மலை தத்ரூபமா இருக்கு, கையாலயே செஞ்சதா?"ன்னு ஜட்ஜம்மா கேட்டாங்க. "ஆமாங்க, வீட்டுலயே செஞ்சது"ன்னேன். பொய் இல்லையே. அதோ பாருங்க, அந்த ஹாட்பாக்ஸ் அங்க வாங்கினதுதான். நீங்க சாப்பிடற சுண்டல் அதுல இருந்ததுதான், இன்னும் சூடா இருக்கு பாத்தீங்களா. பரிசைக் குடுத்துட்டு கையில மைக்கையும் குடுத்தாங்க. மைக்கைக் குடுத்தா பேசாம வர முடியுமா? இந்தக் கதையைத்தான் சொன்னேன். அண்டா, எரிமலை, டம்ளர், "கொலுவுல இருக்கு சார்", எல்லாம். மொத்த அப்பார்ட்மென்ட்டும் சிரிச்சுது. வத்சலா மேடம் கூட சிரிச்சாங்க, வேற வழியில்ல. சாரு முன் வரிசையிலதான் உக்காந்திருந்தா. அவளும் சிரிச்சிருப்பா. மைக்கைப் புடிச்சா முன் வரிசை சரியாத் தெரியறதில்லைங்க. ஹாட்பாக்ஸைக் கேக்காமலே அவதான் வீடு வரைக்கும் தூக்கிட்டு வந்தா. கோபம் இருந்தா தூக்குவாளா?

என்னங்க, ஏதோ சொல்ல வாயெடுக்கறீங்க. காரமா இருக்கா? தண்ணி குடிங்க. பாதிக் கதையில எழுந்துக்காதீங்க, செட்டியார் இனிமேதான் வர்றாரு.

சரஸ்வதி பூஜை வந்துச்சு. எல்லாப் பிள்ளைங்களும் புத்தகம் வெக்கும், பாட்டு கத்துக்கறவங்க வீணை வெப்பாங்க. இவ சோடா டப்பாவையும் வினிகர் பாட்டிலையும் கொண்டாந்து வெச்சா. என்னடி இதுன்னேன். "இதுவும் படிப்புதானேம்மா"ன்னா. சரின்னு ரெண்டுக்கும் சந்தனப் பொட்டு வெச்சேன், டப்பாவுக்கு ஒண்ணு, பாட்டிலுக்கு ஒண்ணு. நான் எதுலயாவது குறுக்க நின்னேனா சொல்லுங்க.

மறுநாள் விஜயதசமி. பூஜையில வெச்சதை எடுத்துக் கொஞ்சமாவது படிக்கணும் இல்லையா. நான் சமையலறையில வடை தட்டிக்கிட்டிருக்கேன். அவங்கப்பாவை நான்தான் கோயிலுக்கு அனுப்பியிருந்தேன். ஹால்ல இருந்து, "அம்மா, வரியா?"ன்னு கூப்பிட்டா. அஞ்சு நிமிஷம்னேன். மறுபடி, "அம்மா, ஊத்தப் போறேன்"னா. எண்ணெய் காயுது, வரேன்டின்னேன். அப்புறம் சத்தமே இல்ல. கொஞ்ச நேரத்துல புஸ்ஸுன்னு ஒரு சத்தம், கூடவே அந்த வினிகர் வாசனை.

ஓடி வந்து பாக்கறேன். பழனி மலை உச்சியில இருந்து ஆரஞ்சு நுரை பொங்கிப் பொங்கி வருது. கலர்பொடி வேற கலந்திருக்கா. மலைமேல இறங்கி, கல்யாண ஊர்வலத்துக்குள்ள புகுந்து, நாதஸ்வரக்காரரை நனைச்சு, கிரிக்கெட் டீமைத் தாண்டி நேரா செட்டியார் கடைக்குள்ள போயிடுச்சு. அரிசி, பருப்பு எல்லாம் நுரையில மிதக்குது. முருகர் எங்கன்னு தேடினேன். தரையில துண்டை நாலா மடிச்சு, அது மேல படுக்க வெச்சு, மேல கைக்குட்டை போத்தியிருக்கா. "படுக்க வெச்சுட்டேன்மா. விஜயதசமி வரைக்கும்தானே சொன்னே"ங்கறா. கொலு முடிஞ்சா பொம்மையைப் படுக்க வெக்கறது ராத்திரியிலங்க, காலங்காத்தால முருகரை யாராவது படுக்க வெப்பாங்களா?

ஹால் நடுவுல சேர் வேற போட்டு வெச்சிருந்தா, கொலுவைப் பாத்த மாதிரி. ஒரே ஒரு சேர். யாருக்குப் போட்டாளோ தெரியலை. வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன்.

நான் கத்தினேன், இல்லைன்னு சொல்லலை. நீங்களா இருந்தாலும் கத்தியிருப்பீங்க. "இப்படிப் பண்ணப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"ன்னேன். அவ துணியை எடுத்துத் தரையைத் துடைச்சுக்கிட்டே, "சொன்னேம்மா"ன்னா. எப்ப சொன்னா? நான் அன்னிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மலை நனைஞ்சு கூழாப் போச்சு, குப்பையில போட்டேன். செட்டியார் வேட்டியை எதை வெச்சுத் தேச்சாலும் போகலை. அன்னியோட இந்த வீட்டுக்குள்ள வினிகர் வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆப்ப சோடா டப்பாவையும் பரண் மேல ஏத்திட்டேன்.

அதுல இருந்துதான் இந்த "ஒண்ணுமில்லம்மா". முன்னெல்லாம் ஸ்கூல் விட்டு வந்து ஷூவைக் கழட்டும்போதே ஆரம்பிச்சுடுவா. யார் யாரை அடிச்சாங்க, எந்த மிஸ் என்ன புடவை கட்டினாங்க, காது புளிச்சுப் போகும். போதும்டி, நிறுத்துடின்னு நானே சொல்லியிருக்கேன். இப்ப ஷூவைக் கழட்டறா, ரூமுக்குப் போறா, கதவைச் சாத்திக்கறா. எனக்கு வலிக்குதுங்க. வெளிய யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்களைப் பாத்தா ஏனோ சொல்லத் தோணுது. வீடு ஒரேயடியா அமைதியா இருக்கு. அதான் நானே கொஞ்சம் பேசிடறேன்.

ஆனா பாசம் இல்லாம இல்ல. இந்த வருஷத்து மலையைப் பாருங்க, அதோ, பழனியாண்டவர் நிக்கறாரே. அதுவும் அவ செஞ்சதுதான். நான் கேக்கவே இல்ல. கொலு வெக்கறதுக்கு முந்தின வாரமே தெர்மாகோல்ல செஞ்சு, பெயின்ட் அடிச்சு, கொண்டாந்து என் முன்னாடி வெச்சா. "இது உனக்கும்மா"ன்னா. உனக்குன்னு சொன்னா பாருங்க. எந்தப் பொண்ணு செய்யும்? உச்சியில ஓட்டை கீட்டை ஒண்ணும் கிடையாது, தட்டையா, கெட்டியா இருக்கு. நான் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்ப உன்னோடது என்னடி இந்த வருஷம்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மான்னுட்டா.

தோ, லிஃப்ட் சத்தம். வந்துட்டா. சாரு, இங்க வா, மூணாவது மாடிக்குப் புதுசா வந்திருக்காங்களே, அந்த ஆன்ட்டி. என்னது? மிஸ்ஸா? எந்த மிஸ்? உன் சயின்ஸ் மிஸ்ஸா? ஜெசிந்தா மிஸ்ஸா நீங்க? ஐயோ, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மிஸ்? நான் பாட்டுக்கு என்னென்னமோ... சொல்ல வந்தீங்களா? எப்ப?

சாரு வரச் சொன்னாளா. சரி. கொலு பாக்க வரலியா நீங்க. சரி, சரி. அதனால என்ன.

கையில என்னடி அது? ஆப்ப சோடாவா. ம். பாட்டிலா? எந்த பாட்டில்? மிஸ் கொண்டாந்ததா? அது பன்னீர்டி, நான்தான் வாங்கி... என்ன மிஸ்? வினிகரா.

அதை நான் படியில வெச்சுட்டேனே சாரு. கலசத்துக்குப் பக்கத்துல. விஜயதசமி வரைக்கும்...

பாத்தீங்களா மிஸ், அவ ஒண்ணுமே கேக்க மாட்டா. குடுன்னு கூடக் கேக்கலை. கடைப் பையோட அப்படியே நிக்கறா. போன வருஷமும் இப்படித்தான் நின்னா. இதே இடத்துல.

இருடி. ஒரு நிமிஷம் இரு. நான் பன்னீர்னு நெனச்சுத்தானே வெச்சேன். வேற பேர்ல ஏறினது கணக்குல வராது. இந்தா. புடி. முருகா, நீ இதைப் பாக்கலை.

ரூமுக்குப் போறீங்களா? போங்க மிஸ், போங்க. சுண்டலை எடுத்துட்டுப் போங்க. சாரு... நானும் வரட்டுமா? அடுப்புல ஒண்ணும் இல்ல, அணைச்சுட்டேன். யாராவது கொலு பாக்க வந்தா பாத்துட்டுப் போகட்டும். வரலாமா? பேசாம உக்காந்திருக்கணுமா? சரி. சேரா? நீ எடுக்காதே, நானே கொண்டாரேன். எதுக்கு மிஸ் சிரிக்கறீங்க? நீங்களே அவகிட்ட சொல்லுங்க, நீங்க வந்ததுல இருந்து நான் அப்படி என்ன பேசிட்டேன்?